ரெவினா என்ற பேருக்கு அர்த்தம்

பத்திரிகை தபாலில் வந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்கு ஒரு மணி நேர பஸ். அதில் ஏறி நேரில் வந்து வைக்கச் சம்பந்தி வீட்டுக்கு மனசில்லை. காத்தவராயன் தோளில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். நாற்பது வயசுக்கு மேல் அறிவொளி வகுப்பில் படித்த படிப்பு அது. லாரியிலிருந்து மூட்டை இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகத்தான் இறங்கும்.

பேத்திக்குப் பேர் வைக்கிற விழா. தாத்தா தட்சிணாமூர்த்தி, பல்கலைக்கழக அலுவலகம் (ஓய்வு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாட்டி ரத்தினம்மாளுக்கும் கொட்டை எழுத்துதான். கடைசி வரியில் எறும்பு ஊர்ந்த மாதிரி, ‘தாய்வழித் தாத்தா திரு. கே. ராயன், கடலூர்’.

“யாருடி இவன், கே. ராயன்?”

“உன்னத்தான்யா போட்டுருக்காங்க” என்றாள் பெண்சாதி மங்கலம்.

“எங்கப்பன் ஆண்டி. எனக்கு வச்ச பேரு காத்தவராயன். இனிஷியலும் அப்பன் பேருல இல்ல, பேருலயும் பாதியக் காணோம். மீதிய எவன் தின்னான்?”

“தின்னவங்களப் போயிக் கேளு. என்னை ஏன் கேக்குற?”

கேட்டார். பக்கத்து வீட்டு செல்போனை வாங்கிப் போட்டதும் தட்சிணாமூர்த்தியின் குரல் நெய் ஊற்றினாற்போல் வந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. கார்டு பேராசிரியருங்க கைக்கெல்லாம் போவுது. முழுப் பேரும் வந்தா ஏதோ சாமியாடுறவரு மாதிரி இருக்கும். ராயன்னா ஸ்டைலா இருக்குல்ல? அத விடுங்க, பேத்தி பேரப் பாத்தீங்களா? ரெவினா! இந்தியாவுலயே எவனுக்கும் கெடையாது. பெயரியல் நிபுணர் தில்லைநாதன் ஆராய்ச்சி பண்ணி ஓக்கே பண்ணது. ரிக் வேதத்துல இருக்காம்.”

கோபத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தார். இப்போது பார்த்தார். ரெவினா. எழுத்துக் கூட்ட வேண்டிய வேலையே இல்லை, பார்த்த உடனே வாயில் வந்துவிட்டது. ஆயுசில் அவர் யார் துணையும் இல்லாமல் முதன்முதலாகப் படித்த வார்த்தை அதுதான்.

போனை வைத்துவிட்டுச் சிரித்தார். மங்கலம் பயந்துபோகிற அளவுக்குச் சிரித்தார்.

ரெவினா என்பது மாட்டுத் தீவனம். ‘ரெவினா கலப்புத் தீவனம், நிகர எடை ஐம்பது கிலோ’. முதுநகர் குடோனில் ஐந்து வருஷம் அந்த மூட்டையை முதுகில் சுமந்தவர் காத்தவராயன். வகுப்புக்கு வாத்தியார் வராத நாளெல்லாம் சாக்கைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டிப் பழகினார். கம்பெனி கடன்பட்டு மூடிப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேர் வைத்த முதலாளியே மறந்திருப்பான். சிதம்பரத்துப் பெரிய மனிதர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அரிசி டிரம்முக்கு அடியில் விரித்திருந்த சாக்கை உருவினார். வெயில் படாமல் கிடந்ததால் அச்சு அப்படியே இருந்தது. பச்சை எழுத்து, அதற்கு மேலே கொம்பு வைத்த மாட்டுத் தலை.

“இன்னாய்யா பண்ணப் போற?”

“சபையில விரிக்கப் போறேன். எம்பேரு கேவலமாம், அவன் பேத்தி பேரு வேதமாம். வேதத்துல கொம்பு இருக்கான்னு எல்லாரும் பாக்கட்டும்.”

“நீ விரிச்சிட்டு பஸ் ஏறி வந்துருவ. எம்பொண்ணு அந்த வூட்டுலதான் கெடக்கணும். ஏற்கெனவே மூட்டதூக்கி மவ, மூட்டதூக்கி மவன்னு அந்தப் பொம்பள இடிக்கிறா.”

“எம்பேர வெட்டுனவன் மொகம் அங்கயே சுருங்கணும். அதப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்” என்று சாக்கை மடித்து மஞ்சப்பையில் திணித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போனது. மங்கலம் வழி நெடுக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சம்பந்தி வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு பிளக்ஸ். அதில் மூன்று மாதக் குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வைத்திருந்தார்கள், கம்ப்யூட்டர் வேலை. சுற்றிலும் மாமன், சித்தப்பன், பங்காளி என்று இருபத்தெட்டு தலைகள். காத்தவராயன் தலையை அதில் தேடவே வேண்டாம்.

உள்ளே பந்தல் போட்டு மைக் கட்டியிருந்தது. தில்லைநாதன் பேசிக்கொண்டிருந்தார். எட்டு விரலில் மோதிரம், மற்ற இரண்டு விரலுக்கு ஏன் விட்டாரோ. ‘ரெ’ என்றால் நெருப்பு, ‘வி’ என்றால் வெற்றி, ‘னா’ என்றால் நாடாளும் யோகம் என்றார். எந்த பாஷையில் என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கை தட்டினார்கள். முன்வரிசையில் மாசமாக இருந்த இரண்டு பெண்கள், “சார், எங்களுக்கும் ரெ-வுல ஆரம்பிக்கிற மாதிரி ஒண்ணு” என்று இப்போதே துண்டு போட்டார்கள். தில்லைநாதன் டைரியைப் புரட்டி, ரெவிஷா ஒருத்தருக்கு, ரெவிகா ஒருத்தருக்கு என்று பங்கிட்டார். ஊரில் யாருக்கும் இல்லாத பேர் வேண்டுமாம், அதை ஊரோடு சேர்ந்து வாங்குவார்களாம். தீவனம் வாங்க வருகிற கோனார்கள்கூட மூட்டையைக் குத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். இதுகளுக்கு அந்த விவரமும் இல்லை.

மாலதி உள்ளறையில் குழந்தைக்கு மை வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பாதியாகியிருந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தவள் மஞ்சப்பையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பை வாயில் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. எழுந்து கதவைத் தாழ் போட்டாள்.

“அத எதுக்குப்பா எடுத்தாந்த?”

“உனக்குத் தெரியுமா இது?”

“நான்தாம்ப்பா வச்சேன்.”

காத்தவராயன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“இவுங்க ஆயிரம் பேரு சொன்னாங்க. அத்தை சொன்னது, நாத்தனா சொன்னது, ஜோசியக்காரன் சொன்னது. என்னை ஒரு வார்த்த கேக்கல. யாருக்கும் இல்லாத பேரா வேணும்னு மாமா குதிச்சாரு. எனக்கு நம்ம வூட்டு சாக்குதான் ஞாபகம் வந்துச்சு. நெட்டுல பாத்தேன்னு சொல்லச் சொல்லி எங்க வூட்டுக்காரருகிட்டக் குடுத்தேன். அந்த மோதிரக்காரன் காசு வாங்கிகிட்டு வேதத்துல இருக்குன்னுட்டான். நான் முந்தானைய வாயில வச்சிகிட்டு கொல்லைக்கு ஓடிட்டேன்.” சொல்லும்போதே மறுபடி சிரிப்பு வந்தது அவளுக்கு. “இந்த வூட்டுல நான் சொல்லி நடந்தது இது ஒண்ணுதாம்ப்பா. நீ அத விரிச்சின்னா நான் செத்தேன்.”

அவருக்கும் சிரிப்பு முட்டியது. இத்தனை பேரையும் ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டியிருக்கிறாள் மகள். சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தவர் அதை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“சரி, எம்பேர வெட்டுனது உங்க மாமன்தான?”

மாலதி குழந்தையின் நெற்றிப் பொட்டைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“மாலதி.”

“நான்தாம்ப்பா எழுதிக் குடுத்தேன். ராயன்னு.”

வெளியே மைக் கொரகொரத்தது.

“முழுப் பேரு போட்டா யுனிவர்சிட்டி ஆளுங்க முன்னாடி அத்தை ஒரு மாசத்துக்குச் சொல்லிக் காட்டுவாங்க. மாமா மறுப்பே சொல்லல, அந்தப் பழிய அவரே எடுத்துகிட்டாரு. நீ அவர் மேலயே கோவப்படுவன்னு நானும் வுட்டுட்டேன்.”

சம்பந்தி வெட்டியிருந்தால் திருப்பி வெட்டக் கையில் சாக்கு இருந்தது. இதற்கு என்ன இருக்கிறது? மாட்டுத் தீவனத்தின் பேரைச் சொல்ல வாய் வந்த மகளுக்கு அப்பன் பேர் மட்டும் தொண்டையில் குத்தியிருக்கிறது. காத்தவராயன் பையின் வாயை முறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். முதுகு என்றைக்கும் இல்லாமல் வலித்தது.

“தாய்மாமன் இல்லாததால, அந்த ஸ்தானத்துல தாய்வழித் தாத்தா குழந்தை காதுல மூணு தரம் பேர் சொல்லுவார்” என்று மைக்கில் தட்சிணாமூர்த்தி அறிவித்தார். “திரு. ராயன் அவர்கள், கடலூர்.”

மாலதி குழந்தையோடு உட்கார்ந்திருந்த மணைக்குப் பக்கத்தில் போய் நின்றார் காத்தவராயன். எல்லாரும் உட்காருவார் என்று பார்த்தார்கள். அவர் மைக்கைப் பிடித்து வாய்க்கு நேராக இழுத்தார். மங்கலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“எம்பேரு காத்தவராயன். ஆண்டி மவன். முதுநகர் குடோன்ல மூட்ட தூக்குறேன். ராயன்னு யாரும் கடலூர்லேர்ந்து வரல.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். ரத்தினம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். காத்தவராயன் யாரையும் பார்க்காமல் குனிந்து, வெற்றிலையைக் குழந்தையின் காதோரம் வைத்து, ரெவினா, ரெவினா, ரெவினா என்றார். நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை.

“அற்புதமான உச்சரிப்பு!” என்றார் தில்லைநாதன். “அய்யா, சொல்றப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“நல்ல பேரு. மாடு நெறய கறக்கும்.”

“பாருங்க, பாருங்க! பெரியவர் வாயாலயே வருது. பால்வளம்! ரெவினான்னா பால்வளம்னும் ஒரு பொருள் உண்டு” என்று டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

மாலதி குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பேத்தி பேரில் மருமகள் உருகுகிறாள் என்று நினைத்து ரத்தினம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

தட்சிணாமூர்த்தி சபையை ஒப்பேற்றப் பார்த்தார். “பேர் சொன்ன திரு. ராயன் அவர்களுக்கு நன்றி. எல்லாரும் பந்திக்கு…”

“காத்தவராயன், மாமா” என்றாள் மாலதி.

தலையைத் தூக்காமல்தான் சொன்னாள், ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் தெருவரைக்கும் கேட்டது. ரத்தினம்மாளின் கையில் சொம்பு அப்படியே நின்றது. இன்று சாயங்காலம் முதல் அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்று காத்தவராயனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“ஆமா, ஆமா. காத்தவராயன் அவர்களுக்கு” என்று முணுமுணுத்தார் தட்சிணாமூர்த்தி.

காத்தவராயனுக்கு மகள் மேல் கோபம் தீரவில்லை. தீர இன்னும் ஒன்றிரண்டு வருஷமாவது ஆகும் என்று தோன்றியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் பந்தியில், பேராசிரியர் ஒருவருக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தார்.