பெரட்டுக்கு வராத கூனிமலை

எங்கள் தீவில் மலைகளுக்கும் காலைப் பெரட்டு உண்டு. விடிந்ததும் அங்கமுத்து கங்காணி பேர் கூப்பிடுவார். தீவின் நடுவில் வட்டமாக நிற்கும் மலைகள் ஒவ்வொன்றாக "இருக்கேன்" என்று சொல்லும். வராத மலையின் பேரை வெட்டிவிடுவார். பேர் வெட்டுப்பட்டால் அப்புறம் மழை கிடையாது.

கிழக்கே நிற்பது முன்கோபி, எதற்கெடுத்தாலும் இடி. தெற்கே உச்சிமலை, உயரத் திமிரில் மூடுபனிக்குள் இருந்தே பதில் சொல்லும். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கூனிமலை. பரம சாது. பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை.

என் மனைவி பவளத்துக்கு வலி கண்ட காலையில் ரோட்டைக் காணவில்லை. மழைக்கு எங்கோ ஒதுங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியோ கடற்கரையில். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இரண்டு உயிருக்கும் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றாள் மருத்துவச்சி. பின்கதவைத் திறந்தேன்.

"கொஞ்சம் கீழ எறங்குவியா?"

"பெரட்டுக்கு நேரமாச்சே," என்றது கூனிமலை.

"பவளம் தாங்கமாட்டா."

"சரி, ஏறி உக்காருங்க. அடுப்ப அணைச்சீங்களா?"

மலை எழுந்து நடந்தது. "பாத்து, பாத்து" என்று பவளம்தான் அதற்கு வழி சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் குந்தியது.

"இங்க மலை நிப்பாட்டக் கூடாது," என்றார் காவலாளி.

"பிள்ளை பொறந்ததும் எடுத்திருவேன்," என்றேன்.

பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். நன்றி சொல்ல வெளியே ஓடினேன். மலை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் முதல்முறை பார்க்கிறதாம்.

"போவமா?"

"எறங்கிட்டேன். ஏறத்தான் முழங்கால் விடாது."

"கங்காணி பேர வெட்டிருவாரே!"

"வெட்டட்டும். பிள்ளைய காட்டு."

காட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மலைக்கும் ஓர் ஊற்று உடைந்தது.

மறுநாள் பெரட்டில், வட்டத்தில் ஓர் ஓட்டை. கடல்காற்று அதன் வழியே வந்து கங்காணியின் தலைப்பாகையைக் கொண்டுபோனது.

"கூனிமலை!" என்று கூப்பிட்டார்.

ஓட்டையில் போய் நின்று முதுகை வளைத்தேன். "இருக்கேன்."

கங்காணி மேலும் கீழும் பார்த்தார். "எளைச்சுப் போயிட்டியே," என்று பேரைப் போட்டார்.

அன்றிலிருந்து நான்தான் நிற்கிறேன். பாதி வருஷம் இடது தோளில் மழை, மீதி வருஷம் வலது தோளில். வருகிற மழையில் எனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கடற்கரைக்கு அனுப்பிவிடுவேன். முதுகு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. காதுக்குப் பின்னால் கொழுந்து விட்டிருக்கிறது, பவளம் வந்து கிள்ளிக்கொண்டு போவாள்.

மகள் இப்போது நன்றாகப் பேசுகிறாள். நேற்று என் தோளுக்கு ஏறிவிட்டாள்.

"அப்பா, கடல்கிட்ட ஒரு மலை குந்தியிருக்கு."

"அது உன் பெரியப்பா. கும்பிடு."

கும்பிட்டாள். "பெரியப்பா நனையிறாரு," என்றாள்.