கல்லில் கடைசி அடி

கல் வெட்டும் குணசேகரன் டீ குடிக்கப் போன இடைவெளியில்தான் சுஜா அந்த அடியை விரல் மடக்கி அசை பிரித்துப் பார்த்தாள். அம்மாவின் கல்லறைக்கு அவளே எழுதிய வெண்பா. மூன்று அடி வெட்டியாயிற்று. நான்காவது சாக்கட்டிக் கோட்டில் காத்திருந்தது: ‘ரெபேக்காள் திட்டிய வீடு.’

முதலில் ‘எமதம்மா திட்டிய வீடு’ என்றுதான் எழுதியிருந்தாள். பாட்டிலும் அம்மாவின் பெயர் வரட்டும் என்று அண்ணன் பென்சன் சொல்ல, நேற்று மாற்றினாள். தளை அங்கேதான் தட்டியது.

வெண்பாவில் ஒரு சீர் முடிகிற விதம்தான் அடுத்த சீரின் தொடக்கத்தைத் தீர்மானிக்கும். ‘எம-தம்-மா’ மூன்று அசை. அதன் பின்னால் ‘திட்’ என்ற நேரசை வரலாம். ‘ரெபேக்-காள்’ இரண்டே அசை, நேரில் முடிகிறது. அதன் பின்னால் நிரைதான் வரவேண்டும். நிரை என்றால் குறிலில் தொடங்கி அடுத்த உயிர்மெய்யையும் சேர்த்து இழுத்துக்கொள்வது. இரண்டு சீரும் ஒரே மாதிரித் தொடங்கியதில், பதினாறு வருடம் யாப்பு நடத்தியவள் ஏமாந்துவிட்டாள்.

“டீச்சர், வெட்டலாமா? சீக்கிரம் சொல்லுங்க,” என்றபடி வந்தான் குணசேகரன். “கிருத்திகைக் கூட்டம் வந்துகினே கீது. பத்து மணிக்கு ரோட்ட மறிச்சிட்டா கல்லு மணவூர் கல்லறைக்குப் போவாது. நாளைக்கு வருஷ ஜெபம்னீங்களே?”

‘திட்டிய’ பொருந்தாது என்றாள் சுஜா. “‘விரும்பிய’ன்னு போட்டுடு,” என்றான் பக்கத்தில் நின்ற பென்சன்.

விரும், நிரை. பொருந்தியது. ஆனாலும் சுஜா மறுத்துத் தலையாட்டினாள். “ஓடு ஒழுகுதுன்னு அம்மா முப்பது வருஷம் திட்டிகினே இருந்துச்சி. அது எங்க விரும்புச்சி, அண்ணா?”

“அப்ப ‘திட்டிய’ன்னே விடு. யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?”

“நான்!”

பென்சன் பொறுமையிழந்து கல்லில் கையூன்றினான். சாக்கட்டி எழுத்து கலைந்தது.

“கைய எட்றா! அறிவில்ல? எத்தினி தடவ சொல்றது?”

“அம்மா மாரியே அதட்டாத சுஜா!”

அவள் விரல்கள் தாமாக மடங்கின. அதட், நிரை. டிய, அதுவும் நிரை. அடுத்து ‘வீ’, நேர். சரி.

“அதட்டிய. ரெபேக்காள் அதட்டிய வீடு.”

பென்சன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். “ஆங்,” என்றான். கண் கலங்கிவிட்டது.

குணசேகரன் ஈரத்துணியால் பழையதைத் துடைத்து, புதிதாய் எழுதி, உளியை வைத்தான். சுஜாவின் விரல் கல்லின் உச்சிக்குப் போய் முதல் அடியிலிருந்து எண்ணத் தொடங்கியது.

“டீச்சர்,” என்றான் அவன், நிமிராமலே. “அதெல்லாம் வெட்டியாச்சி.”