ஆன்போர்டு ஜன்னல்

"புது லைன் கொடுக்கிறவன், பழைய லைனை..." என்று தொடங்கி, அப்பாவோடு வேலை பார்த்த சேசுராஜ் சார் ஏதோ சொன்னார். வெட்டக் கூடாது என்றாரா, மறக்கக் கூடாது என்றாரா, எனக்குச் சரியாக நினைவில்லை. அது அப்பாவின் பணி நிறைவு விழா. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மொட்டை மாடியில் நடந்தது. பத்தொன்பது வருஷமாகிவிட்டது. அப்பாவுக்கு அந்தப் பேச்சு முழுவதும் நினைவிருக்கிறது. அதனால்தான் அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஜன்னல்களைக் கம்ப்யூட்டர்தான் வரைகிறது. கட்டிக் கொடுத்தவர்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். அது ஹாலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பெட்டிக்குள் இருக்கும் போர்டிலேயே ஒரு ஜன்னலுக்கான இணைப்பு உண்டு. அதை ஆன்போர்டு என்பார்கள். அந்தக் கேபிள் ஹால் ஜன்னலுக்குப் போகிறது. மற்ற அறைகளுக்கும் ஜன்னல் வேண்டுமென்றால் தனியாகக் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும். வாங்காதவர்கள் வெறும் ஜன்னல் சட்டத்தில் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

ஆன்போர்டு வரையும் தெரு சுமாராகத்தான் இருக்கும். வேப்பிலைகள் கட்டம் கட்டமாகத் தெரியும். பஸ் விட்டுவிட்டு நகரும். நல்ல மழை பிடித்துக்கொண்டால் மழையை மட்டும் வரையும், தெருவை விட்டுவிடும். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தெருவுக்கு அந்தப்பக்கம், எங்களுக்கு நேர் எதிரே நாலாவது மாடியில் சேசுராஜ் சார் வீடு. தினமும் காலை ஏழரைக்கு அவர் பால்கனிக்கு வந்து செய்தித்தாளின் முதல் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடிப்பார். முகம் தெரியாது, விரல்கள் மட்டும் தெரியும். அப்பா ஹாலில் உட்கார்ந்து படிப்பார். படித்து முடித்ததும் தலையாட்டுவார். சேசுராஜ் சார் அடுத்த பக்கத்தைத் தூக்குவார். பன்னிரண்டு பக்கத்துக்கும் பன்னிரண்டு தலையாட்டல்.

இதைப் பற்றி ஒரு முறை அப்பாவிடம் கேட்டேன்.

"அவன் பேப்பரை வெயில்ல காயப்போடுறான். நான் எங்க வீட்டு ஜன்னலைப் பார்க்கிறேன். இதுல என்ன இருக்கு?" என்றார்.

நான் வெளிநாட்டில் பதினெட்டு வருஷம் இருந்திருப்பதாகப் பாஸ்போர்ட் சொல்கிறது. போன வருஷம் திரும்பி வந்தேன். வந்த பிறகும் அந்த ஊர்க் கம்பெனிக்கே கட்டட வரைபடங்களைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து ஜன்னல்களைச் சரிபார்க்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். மாதக் கடைசிக்குள் ஜன்னலின் படத்தை அனுப்பாவிட்டால் வேலை இல்லை. ஒரு கார்டு வாங்கினேன். பார்க்க நல்ல கனமான கார்டு. இரண்டு விசிறிகள் வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்கு நானே பெட்டியைத் திறந்து அதைச் செருகினேன். என் அறையில் ஜன்னல் திறந்துகொண்டது. வேப்பமரத்தின் ஒவ்வொரு இலைக்கும் நரம்பு இருந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கையின் கண்ணில் எங்கள் கட்டடம் தெரிந்தது. படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன்.

ஹாலுக்கு வந்தால் ஜன்னல் கறுப்பாக இருந்தது. அப்பா அதன் எதிரே காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான்டா தூக்கினான். 'காவிரியில் தண்ணீர்'ங்கிற வரைக்கும் படிச்சேன். வந்துச்சா வரலையா தெரியல, அதுக்குள்ள போயிடுச்சு."

"சரி பண்ணிடலாம்ப்பா."

"நான் தலையாட்டலையே."

"கொஞ்ச நேரம் பார்த்துட்டு உள்ள போயிடுவார்."

"உனக்கு அவனைத் தெரியாது. புயல் வந்த வருஷம் ஒரு கேபிள் அறுந்து போச்சு. ரெண்டு முனையையும் கையில சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நில்லுன்னு சொல்லிட்டு நான் டூல்ஸ் எடுக்கப் போனேன். ரோடு அடைச்சுக்கிச்சு, மறுநாள்தான் வர முடிஞ்சுது. அப்படியே நின்னுட்டிருந்தான். விடுன்னு நான் சொல்லலையாம்."

சேசுராஜ் சாருக்கு எழுபத்தாறு வயது. வலது தோளில் ஏற்கெனவே வலி இருந்தது.

என் அறை ஜன்னலில் போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பால்கனி மிகத் துல்லியமாக இருந்தது. கம்பியில் பெயின்ட் உரிந்த இடம்கூடத் தெரிந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. கார்டின் அட்டைப்பெட்டியை எடுத்துப் படித்தேன். பழையவற்றை இந்தக் கார்டு வரையாது என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று இறங்கினேன். தெருவும் கார்டு வரைந்த தெருவாகத்தான் இருந்தது. தார் பளபளத்தது. எதிர்க் கட்டடத்தில் ஏறி நாலாவது மாடிக் கதவைத் தட்டினேன். கதவில் பெயரில்லை. பூட்டுத் துவாரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எந்தச் சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

"அது வேற எதிர்வீடு," என்றார் அப்பா.

கார்டைக் கழற்றிப் பார்த்தேன். ஹால் ஜன்னல் வரவில்லை. இப்போது இரண்டு அறைகளும் இருட்டாக இருந்தன. "ஏன்டா உன் வேலையையும் கெடுத்துக்கிறே, மாட்டு அதை," என்றார் அப்பா. மாட்டினேன். குடியிருப்பின் பெட்டிகளையெல்லாம் கவனித்துக்கொள்ளும் ஜுபைதாவுக்குப் போன் செய்தேன். பி பிளாக்கில் ஒரு வீட்டில் தெரு தலைகீழாக வருகிறது, அதை முடித்துவிட்டுச் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அப்பா ஏழரைக்குக் கறுப்பு ஜன்னலின் முன்னால் உட்கார்ந்து நாலைந்து முறை தலையாட்டினார். அந்தப் பக்கம் தெரிந்திருக்காது. அதன்பின் சாப்பிடவில்லை. மடியில் கிடந்த கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை காலை ஜுபைதா ஒரு டார்ச்சும் ஒரு கீபோர்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார், மாட்டறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதுகிட்ட சொன்னீங்களா?"

"எதுகிட்ட?"

"ஆன்போர்டுகிட்ட. புதுசு ஒண்ணு வந்துட்டா, நமக்கு இனிமே வேலையில்லைன்னு அது தானா ரிட்டயர் ஆயிடும். அப்புறம் கார்டைக் கழட்டினாலும் அதுக்குத் தெரியாது. யாராவது போய்ச் சொல்லணும்."

"ஒரு பங்க்ஷன்கூட வைக்கலையா அதுக்கு?" என்று அப்பா கேட்டார்.

"வைக்கிறதில்லை ஐயா."

"அதுவும் நல்லதுதான். எவனும் பேச வரமாட்டான்."

ஜுபைதா பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். அது கண்விழிக்கும் முதல் நொடியில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என் அறை ஜன்னலில் தெருவுக்குப் பதில் நீலமாக ஒரு பட்டியல் வந்தது. ஆன்போர்டு, தனிக் கார்டு, இரண்டும் என்று மூன்று வரிகள். இரண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். உடனே இன்னொரு கேள்வி வந்தது.

"இதுதான் சார் கஷ்டம். உங்க கார்டுக்குச் சொந்தமா ஞாபகம் இருக்கு, அதைப் பத்திக் கவலையில்லை. ஆன்போர்டுக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. வீட்டுல இருக்கிறவங்க ஞாபகத்துலேர்ந்துதான் எடுத்துக்கும். எவ்வளவு கொடுக்கலாம்னு கேட்குது."

"இத்தனை நாள் எதை வெச்சு ஓடுச்சு?"

"உங்க அம்மா கணக்குல கொஞ்சம் இருந்திருக்கு. அவங்க போனப்புறம் அதை அப்படியே எடுத்து ஓட்டியிருக்கு. கார்டு வந்ததும் அந்தக் கணக்கு மூடிடுச்சு."



முதலில் குறைந்த அளவு வைத்துப் பார்த்தோம். ஹால் ஜன்னலில் நீளநீளமாகக் கோடுகள் வந்தன. கோடுகளுக்கு நடுவே பேப்பர் நிறத்தில் ஏதோ தெரிந்தது. அந்த அளவைக் கொடுத்ததில், எங்கள் மருந்துக்கடை எந்தப் பக்கம் என்பது நினைவிலிருந்து போய்விட்டது. அடுத்த அளவில் இரண்டு முழங்கைகள் தெரிந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன. தலைப்பைப் படிக்க முடியவில்லை. மிக்ஸி மூடி எங்கே என்பதும், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் போயின.

"என்னுதை எடுத்துக்கோம்மா. பழைய டிரங்க் கால் நம்பரெல்லாம் இருக்கு, நாலாயிரம் நம்பர். யாருக்கு வேணும் இப்ப?" என்றார் அப்பா.

"துண்டு துண்டா இருக்கு ஐயா. ஒரே துண்டா வேணும்." ஜுபைதா பட்டியலை நகர்த்திக்கொண்டே போனாள். "இங்க ஒண்ணு பெருசா இருக்கே. ஒரு பழைய சண்டை. எக்ஸ்சேஞ்ச் மொட்டை மாடியில யாரோ பேசினது. இதை எடுத்துட்டா அழகா ஓடும்."

"அதைத் தொடாதே."

"பத்தொன்பது வருஷப் பழசு, ஐயா."

"அது போச்சுன்னா நான் அவன்கிட்ட பேசிடுவேன். பேசிட்டா அப்புறம் பேப்பரை எதுக்குத் தூக்கப் போறான்? வாயாலயே சொல்லிட்டுப் போயிடுவான். அதை மட்டும் தொடாதேம்மா."

ஜுபைதா அதை விட்டுவிட்டு என் கணக்குக்கு வந்தாள். அங்கே ஒரே துண்டாக ஒன்று இருந்தது. பதினெட்டு வருஷம். கொஞ்சமும் சிதறாமல், வந்த பெட்டியைப் பிரிக்காத மாதிரி இருந்தது.

"சார், இது யூஸ்ல இருக்கா?"

அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டினாள். பட்டியல் நீளமாக இருந்தது என்பதும், நான் அதை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை நிதானமாகப் படித்தேன் என்பதும் நினைவிருக்கிறது. நடுவில் ஒரு வரியில் நின்றேன். ஜுபைதா அவசரப்படுத்தவில்லை. ஹால் ஜன்னலில் அந்த இரண்டு முழங்கைகளும் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறின.

"எடுத்துக்கோம்மா," என்றேன்.

ஹால் ஜன்னல் முழுவதும் வந்தது. இலைகள் கட்டம் கட்டமாக இருந்தன. பால்கனியில் சேசுராஜ் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னும் வியாழக்கிழமைப் பேப்பரின் முதல் பக்கம். யாரோ அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. அவருடைய மருமகள் பேப்பருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு டம்ளரைக் கொடுத்து, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். காவிரியில் தண்ணீர் வந்திருந்தது. செய்தியை முடித்து, அதன் கீழிருந்த டெண்டர் அறிவிப்பையும் படித்தார்.

"அப்பா, முதல்ல தலையாட்டிடுங்க. அவர் கை நடுங்குது பாருங்க."

"எழுத்தும்தான் ஆடுது. படிக்காம எப்படிடா தலையாட்டறது? அவனை ஏமாத்தச் சொல்றியா?"

கடைசி வரிவரை படித்துவிட்டுத் தலையாட்டினார். சேசுராஜ் சார் கைகளை மெதுவாக இறக்கினார். ஒரு நிமிஷம் முகம் தெரிந்தது. ஷேவ் செய்யாத முகம். எங்கள் ஜன்னலைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி, இரண்டாம் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"திமிரைப் பாரு," என்றார் அப்பா. பிறகு என்னிடம் இட்லி கேட்டார்.

ஜுபைதா பெட்டியை மூடி ஸ்க்ரூவை முடுக்கினாள். கார்டு இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் ஏதோ ஒரு மொழியில் பேசினாள். இடையில் சிரித்தாள். பிறகு ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் தமிழில், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். கம்பெனியிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அதே மொழியாக இருக்கலாம். வரைபடங்களைத் திறந்து பார்த்தேன். கோடுகள் அழகாக இருந்தன.

திங்கட்கிழமை காலை என் அறை ஜன்னலில் எங்கள் தெரு இல்லை. எனக்குத் தெரியாத ஒரு தெரு, வெள்ளையாக, துல்லியமாக இருந்தது. மேலிருந்து பஞ்சு மாதிரி ஏதோ விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஆறு முனைகளை எண்ண முடிந்தது. நேர் எதிரே ஒரு பால்கனி. அதில் கனமான கோட்டுப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு செய்தித்தாளின் முதல் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. கையுறை இல்லாத விரல்கள் தெரிந்தன, சிவந்து போயிருந்தன. எழுத்து எனக்குப் பழக்கமில்லாத எழுத்து.

ஹாலில் அப்பா ஆடும் எழுத்தை மெதுவாகப் படித்து, இன்னும் வியாழக்கிழமையின் ஒன்பதாம் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை எடுத்துவந்து என் ஜன்னலின் முன்னால் போட்டுக்கொண்டேன். முதல் எழுத்திலிருந்து கடைசி வரிவரை பார்த்த பிறகுதான் தலையாட்டுவது என்று முடிவு செய்தேன்.