வாடை வந்தால் மாடி காலி

ராயபுரத்தில் அந்த வீட்டைப் பார்த்த அன்றைக்கு ஆஃபியா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மாடில கருவாடு காய வச்சிக்கலாமா தம்பி?"

வீட்டுக்காரன் ஜெரி விசைப்படகு ஓட்டுகிறவன். கடலுக்குக் கிளம்பும் அவசரம் அவனுக்கு. "தாராளமா வச்சிக்கோக்கா. ஆனா ஒண்ணு, வாடை வந்தா எல்லாத்தையும் எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தான்.

ஆஃபியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவாட்டில் வாடை வராமல் மல்லிகைப்பூவா மணக்கும்? பிறந்து வளர்ந்ததெல்லாம் புளியந்தோப்பு. அங்கே வாடை என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். ஆனால் மாடியை விடவும் மனசில்லை. இதுவரை இருந்த நாலாவது மாடிக் குடியிருப்பில் ஒரேயொரு ஜன்னல் வெயிலில் காயவைத்த கருவாட்டுக்கே வாட்ஸப்பில் முப்பது பேர் காத்துக்கிடந்தார்கள். இந்த மொட்டை மாடி இருந்தால் தொழில் காலூன்றிவிடும். பறிபோனால் மறுபடி ஜன்னலோரம்தான்.

ஆகஸ்ட்டில் குடிவந்ததிலிருந்து அவள் பட்ட பாடு! காசிமேட்டிலிருந்து நெத்திலியும் வாளையும் வாங்கி வந்து, குடலெடுத்து, ஐந்து தண்ணீர் அலசி, மஞ்சளும் கல்லுப்பும் பிசிறி, தட்டுகளில் பரப்பி, ஈ மொய்க்காமல் கொசுவலையால் மூடுவாள். அதோடு விட்டாளா? மூலைக்கு மூலை சாம்பிராணி. படிக்கட்டெல்லாம் அத்தர்.

ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்த அவள் கணவன் ஃபர்ஹான் மோந்து பார்த்துவிட்டு, "இன்னாமே, கருவாட்டுக்கு நிக்காவா?" என்றான்.

"நக்கலா? ஜெரி மூக்குக்குப் போச்சின்னா மாடி காலி."

"அவன் போட்லயே வளந்தவன்மே. அவனுக்கு மீன் நாத்தம் தெரியுமா?"

"தெரியாமயா கண்டிசன் போட்டான்?"

ஜெரி தண்ணீர்த் தொட்டி பார்க்க மாடியேற வந்தால்கூட இவள் பாதியில் மறித்துவிடுவாள். "டேங்க் ரொம்பி கீதுபா, நீ போய்த் தூங்கு."

இதற்கிடையில் எம்.கே.பி. நகரிலிருந்து எழில்மொழி என்கிற வாடிக்கைக்காரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "அக்கா, ஒங்க கருவாட்ட வறுத்தா பக்கத்து வூட்ல சண்டைக்கு வர்ல. இன்னும் ரெண்டு கிலோ அனுப்பு." அவள் சொல்லி இன்னும் இருபது பேர் சேர்ந்தார்கள். ஆஃபியாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூடியது. தட்டு பெருகினால் வாடையும் பெருகாதா?

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம். மாடியில் பதினேழு தட்டு. ஜெரி மூன்று மூன்று படியாகத் தாண்டி வந்தான்.

"அக்கா! வாடை வந்துடுச்சி! எடு, எடு!"

ஆஃபியா இரண்டு கையையும் விரித்து நின்றாள். "எங்க வருது? எந்தத் தட்டுல வருது, காட்டு!" ஒரு வாளையை எடுத்து அவன் மூக்கருகில் நீட்டினாள். "மோந்து பாரு! மோந்துட்டுச் சொல்லு!"

"இத நான் ஏன்க்கா மோக்கணும்? வாடைக்கா, வாடக்காத்து! வடக்க, எண்ணூர் பக்கம் பாரு!"

திரும்பினாள். இத்தனை நாள் அந்தப் பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்த புகைபோக்கிகளின் புகை இன்று இவர்களை நோக்கிப் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் கருகருவென்று மழை. கொசுவலை படபடவென்று எழும்பியது.

"அப்ப அன்னிக்கு நீ காத்தயா சொன்ன?"

"பின்ன? நீ இன்னா நெனச்ச?"

சத்தம் கேட்டு மேலே வந்த ஃபர்ஹான் சிரிப்புத் தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாமு, ஒனுக்குப் பயந்துதான் சாம்பிராணி!"

"அதானா! மாடி ஏன் தர்கா மாரி மணக்குதுன்னு ரெண்டு மாசமா மண்டையப் பிச்சிகினு கீறேன்."

"சிரிச்சது போதும், தட்டப் புடிங்கடா!"

மூன்று பேரும் ஏறி இறங்கினார்கள். கடைசித் தட்டில் நாலு சொட்டு விழுந்ததோடு சரி. அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அத்தனைக்கும் இடமில்லை. ஜெரி கீழே தன் வலை கிடந்த அறையைத் திறந்தான்.

"வாடை சீசன்ல மாடி வேலைக்கி ஆவாதுக்கா. மழ கொட்டும். அதான் எடுக்கச் சொன்னேன். அது முடியறவரிக்கும் இங்க ஃபேன் போட்டு வச்சிக்கோ. வலய போட்லயே போட்டுக்கறேன்."

"அப்ப மாடி?"

"அது எங்க போவுது? வாடை அடங்கட்டும், ஏறிக்கோ."

ஆஃபியா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

"காத்து பேரெல்லாம் வேணாம் தம்பி. தேதி சொல்லு."

ஜெரி வாசலில் நின்று மழையைப் பார்த்தான், விரல்விட்டு எண்ணினான். "ஜனவரி இருவதுன்னு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள். பிறகு வலையின் ஒரு முனையைத் தானே பிடித்து வெளியே இழுக்க ஆரம்பித்தாள்.