மூன்று டிவியின் விலை

மத்தியான இடைவேளை மணி அடித்ததும் சாக்பீஸ் கையைக்கூடக் கழுவாமல் சைக்கிளை மிதித்து வந்திருந்தார் தில்லைநாயகம். வங்கியின் படியில் கால் வைக்கும்போதே, உள்ளே மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த பெஞ்சில் முத்துமாலை அண்ணாச்சி உட்கார்ந்திருப்பது தெரிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அக்குளில் இடுக்கிய தோல் பை. சம்பள நாளில் அந்த இடம் அவருக்கென்று எழுதி வைத்தது போலத்தான்.

"வாங்க சார்வா, ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று அண்ணாச்சி நகர்ந்து இடம் கொடுத்தார். "இந்த வெயில்லயா மிதிச்சி வந்திய? மூஞ்சி எப்படிக் கறுத்துப்போச்சி பாருங்க. நம்ம வேலை முடிஞ்சிட்டு. இனி நீங்க மிச்சத்தப் பைய எடுத்துக்கிடுங்க."

நம்ம வேலை என்று அவர் சொன்னது தில்லைநாயகத்தின் கணக்கிலிருந்து தம்முடைய பங்கை எடுத்துக்கொள்வது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பைனான்ஸ் நடத்திய முத்துமாலை அண்ணாச்சி யாரையும் மிரட்டிப் பணம் வாங்கியதில்லை. வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுகிற ஆளும் இல்லை. கடன் கொடுக்கும்போதே வெற்றுக் காசோலைகளில் கையெழுத்து வாங்கிப் புத்தகத்தோடு பையில் வைத்துக்கொள்வார். சம்பளம் கணக்கில் ஏறுகிற அன்று ஒன்றைக் கிழித்துத் தொகையை எழுதி நீட்டுவார். அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற சம்பளம் தனக்கு வருகிறதா, தன் வழியாக அண்ணாச்சிக்குப் போகிறதா என்று தில்லைநாயகத்துக்கே சில சமயம் குழம்பிவிடும். ஒன்பதாம் வகுப்பில் கம்பெனிக்காரன் வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை பெற்ற பாடத்தை நடத்தும்போதெல்லாம் அவருடைய குரல் தானாகக் கம்மிப்போகும். பையன்கள் அதை நாட்டுப்பற்று என்று நினைத்தார்கள்.

எல்லாம் உலகக் கோப்பை நடந்த வருஷத்தில் ஆரம்பித்தது. கல்லிடைக்குறிச்சியில் அவர் குடியிருந்த தெருவில் நாலு வீட்டில் கலர் டிவி வந்துவிட்டது. தில்லைநாயகம் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் நின்று ஆளுக்குக் கொஞ்சமாக ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சரித்திர வாத்தியார் ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கே பிடிக்கவில்லை. அண்ணாச்சியிடம் போய் பத்தாயிரம் வாங்கினார். மனைவி கோமுவிடம் அரியர்ஸ் வந்தது என்று சொன்னார். மாதாமாதம் சம்பளம் குறைந்தபோது பிராவிடண்ட் பண்டில் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்றார்.

முதல் புத்தகம் தீர்ந்ததும் கடனும் தீர்ந்தது என்று நினைத்தார். அண்ணாச்சி குடிக்க ஒரு கலர் வாங்கிக் கொடுத்து, வட்டி, நடுவில் தவறிய ஒரு மாசத்துக்கு அபராதம், அந்த அபராதத்துக்கு வட்டி என்று பொறுமையாக விளக்கினார். பிறகு இரண்டாவது புத்தகத்தை விரித்து வைத்தார். தில்லைநாயகம் மறுத்திருக்கலாம். ஆனால் அவருடைய கையெழுத்து அவருக்குப் பெரிய பலவீனம். முதல் 'தி' யானை தும்பிக்கையைத் தூக்குவது போல எழும்பி, நடுவில் எழுத்துகள் வரிசையாக நடந்து, கடைசி 'ம்' மேல் ஒரு புள்ளி, பொட்டு வைக்கிற மாதிரி நிதானமாக விழும். பள்ளிக்கூடத்தில் அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அண்ணாச்சி மட்டும் ஒவ்வொரு தாளையும் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "கண்ணாடி போட்டு மாட்டலாம் சார்வா" என்பார். இரண்டாவது புத்தகத்தையும் அப்படித்தான் போட்டு முடித்தார். மூன்றாவதும் அப்படித்தான் போனது.

இதற்கிடையில் அவருடைய அடுப்படிக் கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. போன ஐப்பசியில் ஒரு மூலையில் சொட்டியது, இந்த வருஷம் புரட்டாசியிலேயே அடுப்புக்கு நேர் மேலே வந்துவிட்டது. கோமு ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகச் சமைத்தாள். ஓடு மாற்ற ஆள் பேசுவதும், சம்பளம் வந்ததும் தள்ளிப் போடுவதும் வழக்கமாகிப்போனது. வீட்டில் சொட்டாத ஒரே இடத்தில் டிவி இருந்தது.

அந்தப் புரட்டாசியில்தான் அண்ணாச்சி முதல் தடவையாக வீட்டுக்கு வந்தார். தில்லைநாயகம் அப்போது கடைக்குப் போயிருந்தார். ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தவருக்குக் கோமு காப்பி கொடுத்தாள்.

"நல்லாப் படம் தெரியுதா?" என்று அண்ணாச்சி டிவியைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியுது. நீங்க யாருன்னு தெரியலயே."

"சார்வா சொல்லலயா? இந்த டிவிக்கு நாந்தான் ரூவா குடுத்தேன். செக்கு புஸ்தகம் தீந்துபோச்சி, கடேசி ஒண்ணுதான் கெடக்கு. புதுசு ஒண்ணு வாங்கிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்லுங்க. அவசரமில்ல, அடுத்த சம்பளத்துக்குள்ள போதும்."

தில்லைநாயகம் திரும்பி வந்தபோது கோமு தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் முதுகில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பழச் சீப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அண்ணாச்சி போகிற இடத்துக்கெல்லாம் ஏலக்கிப் பழம்தான் வாங்கிப் போவார்.

"மாசம் எவ்வளவு எடுக்காரு?" என்றாள்.

சொன்னார்.

அவள் கடைசி வரியை எழுதி, கீழே கோடு போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பினாள். "மூணு டிவி வாங்கியாச்சி. ஒண்ணு இங்கன ஓடுது. மத்த ரெண்டும் எங்கன ஓடுதுன்னு கேட்டுட்டு வாங்க."

"ஏட்டி, அவரு நல்ல மனுசன். ஒரு சொல்லு கடிஞ்சி பேசினதில்ல."

"எதுக்குக் கடிவாரு? நான் அவரு எடத்துல இருந்தா ஒங்களத் தலையில தூக்கி வச்சிட்டு ஆடுவேன்."

அன்று சண்டை பெரிதாக வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, "பொய் சொன்னதுக்கு ஒங்கள அப்புறமாப் பேசிக்கிடுதேன், அதுக்கு நெறைய வருசம் கெடக்கு. சனிக்கெழம ரெண்டு பேரும் பேங்குக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

வங்கியில் தேவமணி என்ற அதிகாரி இருந்தார். ஐம்பதை நெருங்கிய அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். கோமு சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தில்லைநாயகத்தைப் பார்த்து, "சார், கணக்கு யாரு பேர்ல இருக்கு?" என்றார்.

"எம்பேர்ல."

"அப்பம் நிறுத்தணும்னா நீங்க சொன்னாப் போதும். செக்கு நம்பரு எங்க ரிஜிஸ்தர்ல இருக்கு. இந்த செக்குக்குப் பணம் குடுக்காதீங்கன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க குடுக்க மாட்டோம்."

தில்லைநாயகத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருஷம் தன்னைக் கட்டிப்போட்டது இரண்டு வரியில் அவிழ்கிற முடிச்சு என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. "அவரு வருத்தப்படுவாரே" என்றார்.

"பாக்கி இருந்தா அவரு கோர்ட்டுல போய்க் கேக்கட்டும். அங்கன என்ன வட்டின்னு அவருட்டயும் கேப்பாங்க. அது வேற விஷயம். ஒங்க கணக்குல கைய விடுதத நிறுத்துதது வேற விஷயம்."

இரண்டு வரியையும் கோமு சொல்லச் சொல்ல எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். தேவமணி அதை வங்கியிலிருந்த மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சேரலயே சார்."

உண்மைதான். யானைத் தும்பிக்கை பயந்த புழு மாதிரி சுருண்டிருந்தது. இன்னொரு வெற்றுத் தாளில் போட்டுப் பார்த்தார். அதில் 'நா' உட்கார்ந்துவிட்டது. மூன்றாவதில் 'கம்' கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"மேடம், நான்தான் முன்னால இருக்கேனே."

"நீங்கதான்னு எனக்குத் தெரியுது. காயிதத்துக்குத் தெரியணும்லா. இப்படிப் போட்டதை வச்சிகிட்டு நான் நிறுத்தினேன்னா, நாளைக்கு அவரு இது சாரு கையெழுத்தே இல்லம்பாரு."

கோமு அவர் காதருகில் குனிந்தாள். "அவருக்குன்னா புஸ்தகம் புஸ்தகமாப் போட்டியளே. நம்மளுக்கு ஒண்ணு போடக் கூடாதா?"

நாலாவது தாளில் முதல் 'தி'யே எழும்பவில்லை. அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து, "சார்வா, அம்மாவையும் கூட்டிக்கிட்டா வந்திய?" என்ற குரல் கேட்டது. முத்துமாலை அண்ணாச்சி. தோல் பையை இடுக்கிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். தேவமணி கையருகில் இருந்த பேரேட்டை மெல்ல நகர்த்தினார். அது கடிதத்தின் மேல் பாதியை மூடியது, முதல் கையெழுத்தும் அதற்குக் கீழே இருந்த வெற்றிடமும் மட்டும் வெளியே தெரிந்தன.

"புது செக்கு புஸ்தகத்துக்கா?" என்றார் அண்ணாச்சி.

தில்லைநாயகம் கவுண்டரில் நூல் கட்டியிருந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். கோமு, "ஒங்க விஷயமாத்தான் அண்ணாச்சி வந்தோம்" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "கையெழுத்துதான் இவங்களுக்கு வர மாட்டேங்குது."

"சார்வாவுக்கா?" அண்ணாச்சிக்கு நிஜமாகவே மனம் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டுப் பார்த்த தாள்களைப் பார்த்தார். "மொதல்ல இந்தப் பேனாவ விடுங்க. நூலு கட்டிப்போட்ட பேனா, கையப் பிடிச்சி இழுக்கும்லா. இந்தாங்க." தம்முடைய மைப் பேனாவை மூடியைக் கழற்றிக் கொடுத்தார். தோளில் கை வைத்தார். "இங்கன யாரும் ஒங்கள விரட்டல. பைய. மூச்ச விட்டுட்டுப் போடுங்க. ஒங்க கையெழுத்துக்கு இந்த ஜில்லாவுல சோடி கெடையாது."

எத்தனையோ தடவை கேட்ட குரல் அது. கேட்டதும் தில்லைநாயகத்தின் விரல்கள் தாமாக இளகின. தும்பிக்கை எழும்பியது. எழுத்துகள் வரிசையாக நடந்தன. கடைசிப் புள்ளி இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது.

"பாத்தியளா மேடம், இதுல்லா கையெழுத்து" என்றார் அண்ணாச்சி.

தேவமணி முகத்தைத் தூக்காமல், "சேந்துட்டு" என்று முத்திரையைக் குத்தினார். கோமு திடீரென்று இருமலை அடக்குகிறவள் போல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சம்பள நாள் வரை தில்லைநாயகம் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணாச்சியை வழியில் பார்த்தால் சந்துக்குள் திரும்பினார். ஊரை ஏமாற்றி ஓடுகிறவன் போன்ற ஒரு குறுகுறுப்பு. ஏமாற்றப்பட்டது யார் என்று கோமு தினமும் காலையில் ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள்.

சம்பள நாள் நல்ல மழையோடு விடிந்தது. சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தார். மத்தியானம் வங்கிக்குப் போனபோது அண்ணாச்சி பெஞ்சில் இல்லை, வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். கையில் காசோலையும் அதோடு குத்திய ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன.

"நல்ல வேள வந்திய. பேங்குல பெரிய தப்பு நடந்திருக்கு சார்வா. செக்கத் திருப்பிட்டாவ. நீங்களே நிறுத்தச் சொன்னதா எழுதியிருக்கு பாருங்க. யாரோ ஒங்க பேரக் கெடுக்கத்தான் பண்ணியிருக்கான். வாங்க, மேனேஜர்ட்ட ரெண்டு பேருமாப் போயி ஒரு பிடி பிடிப்போம்."

அவர் தில்லைநாயகத்தின் முழங்கையைப் பிடித்து மேனேஜர் அறைப் பக்கம் நடத்தினார். இதுதான் தில்லைநாயகம் எதிர்பார்க்காதது. கோபப்படுவார், கேஸ் போடுவேன் என்பார், ஊரில் சொல்வார் என்றெல்லாம் நினைத்து அதற்கெல்லாம் பதில் தயார் செய்திருந்தார். தனக்காக அவர் சண்டை போட வருவார் என்று நினைக்கவில்லை. பேசாமல் கூடப் போய்விடலாம், வங்கியின் மேல் பழியைப் போட்டுவிடலாம், கடைசியில் இன்னொரு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தேவமணி கவுண்டருக்குப் பின்னாலிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அறைக் கதவுக்கு முன்னால் தில்லைநாயகம் நின்றார்.

"தப்பு இல்ல அண்ணாச்சி. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"நீங்களா?"

"ஆமா. வாங்கினதுக்கு மேல ரெண்டு பங்கு குடுத்தாச்சி. பாக்கின்னு தோணிச்சின்னா கேஸ் போடுங்க. எங்கணக்குல இனி கை வைக்காதீங்க."

குரல் வகுப்பறைக்குக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி அவர் முழங்கையை விடவில்லை. எதையோ நினைத்துப் பார்க்கிறவர் போல நெற்றியைச் சுருக்கினார். பிறகு அந்த முகத்தில் நிறம் மாறியது.

"ஓய்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து சார்வா தவிர வேறு சொல் வந்ததில்லை. "அன்னைக்கி நான்லா பேனா குடுத்தேன்."

"ஆமா" என்றார் தில்லைநாயகம். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "நல்ல பேனா."

அண்ணாச்சி கையை எடுத்தார். காசோலையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "இது இத்தோட போவாது வே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

தில்லைநாயகம் முழுச் சம்பளத்தையும் வாங்கினார். சட்டைப் பையில் வைத்தபோது பை புடைத்துக்கொண்டு நின்றது. ஓடு மாற்றுகிறவனை இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று அரை நாள் லீவு சொல்ல பள்ளிக்கூடத்துக்கு போன் செய்துவிட்டு வெளியே வந்தார். மழை சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் கூரையடியில் அண்ணாச்சி இன்னும் போகாமல் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்லிடைக்குறிச்சி பஸ் ஒன்று நிற்காமல் போயிற்று. ஸ்கூட்டர் கிளம்பியது. அண்ணாச்சி நாலடி போய்ப் பிரேக் பிடித்தார்.

"ஏறும்வே" என்றார் திரும்பாமல். "நனைஞ்சி சாவாதீரும்."

மறுப்பதற்கு இரண்டு வரி தேவைப்பட்டிருக்கும். இன்றைக்கு அவரிடமிருந்த வரிகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. ஏறிக்கொண்டார். ஊருக்குப் போகும் ஆற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று மழையை முகத்தில் அடித்தது. கீழே தாமிரபரணி கரையோடு கரையாகச் செம்மண் நிறத்தில் புரண்டு போனது. அண்ணாச்சியின் சட்டை முதுகோடு ஒட்டி உள்ளே பனியன் தெரிந்தது. நடுப் பாலத்தில் எதிரே ஒரு லாரி வந்ததும் ஸ்கூட்டர் ஓரத்துக்கு ஒதுங்கி ஆடியது. தில்லைநாயகம் ஒரு கையால் சட்டைப் பையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை எங்கே வைப்பதென்று கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்துவிட்டு, அண்ணாச்சியின் ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டார்.