மௌன அஞ்சலியில் மூன்று முடிச்சு

மாதேஸ்வரியின் கல்யாணம் தலைவரின் வசதிக்காக இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாவது முறை தலைவரே போய்விட்டார்.

தலைவர் ஓசூர்ப் பக்கத்து முன்னாள் எம்.எல்.ஏ. அவர் தாலி எடுத்துக் கொடுக்காமல் கட்சிக்காரர் வீட்டில் கல்யாணம் நடப்பதில்லை. மாதேஸ்வரியின் அப்பா கங்கப்பன் கிளைச் செயலாளர். முதல் தேதியில் தலைவருக்கு மாநாடு, அடுத்ததில் மூட்டுவலி. கட்சிக்குச் சோதனைக் காலம் என்று கங்கப்பன் விளக்கினார்.

மாதேஸ்வரியும் நானும் சிப்காட்டில் ஒரே கம்பெனி. மாப்பிள்ளை மோகன்குமாரும் அங்கேதான் லேத் ஓட்டுகிறான். ஊர் சாத்தூர். அவன் அம்மா கருப்பாயி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் தாலி ஏறல, எங்க அண்ணன் மகளைக் கட்டி வச்சிருவேன். பாத்துக்க."

மோகன்குமார் அம்மா பேச்சைத் தட்டியதில்லை. மாதேஸ்வரிக்கு அது தெரியும்.

முகூர்த்தத்தன்று காலையில் செய்தி வந்தது. பின்னாலேயே ஒன்றியச் செயலாளர் ஆஞ்சப்பன் மண்டபத்துக்கு வந்தார். வாசல் பிளெக்ஸில் 'வருக வருக' மேல் கறுப்புத் துணி ஒட்டச் சொன்னார். மேளக்காரர்களை அனுப்பிவிட்டார். மணமேடை நாற்காலியில் தலைவரின் படத்தை வைத்து, மாப்பிள்ளைக்கு வாங்கிய மாலையைப் போட்டார்கள். பொருத்தமாக இருந்தது. தாலித் தட்டு படத்தின் முன்னாலேயே கிடந்தது. விருந்தாளிகளின் கையில் அட்சதைக்குப் பதிலாக, படத்துக்குத் தூவ உதிரிப்பூ.

கல்யாணத்தை என்ன செய்வதென்று கங்கப்பன் கேட்டார், மகள் பக்கம் திரும்பாமல்.

"தலைவர் இல்லாத மேடையில தாலியா? ஒரு மாசம் பொறு கங்கப்பா. புதுசா வர்றவருகிட்ட நானே தேதி வாங்கித் தர்றேன்."

கங்கப்பன் தலையாட்டினார். கருப்பாயி துணிப்பையைக் கையில் எடுத்தாள்.

ஆஞ்சப்பன் மைக்கில் இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருக்குப் பக்கத்தில் எதிர்கோஷ்டி மாரிசாமி. எதிரே பத்திரிகைக்காரரின் கேமரா. தலைவருக்கான மௌனத்தை யார் முதலில் கலைத்தது என்பது கட்சியில் காலத்துக்கும் பேசப்படும். இருவரும் இமைகூட அசைக்கவில்லை.

மாதேஸ்வரி மாப்பிள்ளைப் பக்கம் சாய்ந்தாள். தோழியாகப் பின்னால் நின்றதால் எனக்குக் கேட்டது.

"எடுத்துக் கட்டுங்க. இப்ப எவனும் வாயத் தொறக்க முடியாது."

அவன் அம்மாவைப் பார்த்தான். கருப்பாயி பையைக் கீழே வைத்தாள்.

படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மோகன்குமார் தாலியை எடுத்தான். இரண்டு முடிச்சு போட்டான். மூன்றாவதைக் கருப்பாயியே முன்னால் வந்து போட்டாள். ஆஞ்சப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. கங்கப்பன் அழுதார். நல்ல தொண்டர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மௌனம் முடிந்தது. பூவைப் படத்துக்குத் தூவுவதா, மணமக்களுக்குத் தூவுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. பொதுவாகத் தூவினார்கள்.

ஆஞ்சப்பன் கொஞ்சம் யோசித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, மறைந்த பின்னும் தாலி எடுத்துக் கொடுத்த தலைவர் உலகத்தில் வேறு யார் என்று கேட்டார். மாரிசாமி முந்திக்கொண்டு கைதட்டினார்.

ஆஞ்சப்பன் சொன்னதில் தப்பில்லை. தலைவர் அன்றுதான் நேரத்துக்கு வந்திருந்தார்.