தோல் என்று கொடுத்தது

நைலக்ஸ் புடவை கட்டிக்கொண்டு உலைக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பதை சௌந்தரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பருத்தியில் பொறி விழுந்தால் ஓட்டை விழும், தட்டிவிடலாம். நைலக்ஸ் உருகும். உருகியது உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தட்டப்போன கையிலும் ஒட்டும். மாதனூரில் புருஷன் அருணகிரியின் பட்டறையில் பதினோரு வருஷமாகச் சம்மட்டி அடிப்பவள் அவள். புதுப்புடவை எது வந்தாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பாள். சாம்பலானால் பட்டறைக்கு, உருண்டையாகச் சுருண்டால் கல்யாணம் காட்சிக்கு. வேலை நேரத்தில் புடவைக்கு மேல் நனைத்த கோணிச்சாக்கு ஒன்றைச் சுற்றிக்கொள்வாள்.

அவளுக்குத்தான் இடது தொடை வெந்தது.

ஆம்பூரில் ஷூ கம்பெனி கட்டிங்கில் இருக்கும் ரஷீத் அஹமது, அருணகிரிக்குப் பழைய தோஸ்த். அவர் தைத்துக் கொடுத்தார் என்று இரண்டு ஏப்ரன்களை ஒரே பையில் கொண்டுவந்தான் அருணகிரி. ஒன்றைத் தான் கட்டிக்கொண்டு மற்றதை அவளிடம் நீட்டினான்.

"சாக்கத் தூக்கிப் போடுமே. வர்றவன்லாம் சிரிக்கிறான். தோலு இது."

கறுப்பாக, தடிமனாக இருந்தது. தோல் வாசனையும் அடித்தது. ஆம்பூரிலிருந்து வந்த பொருள், புருஷன் கையால் கொடுத்தது. கொளுத்திப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள், தேய்ந்த கடப்பாரை முனையில் லாரி வில்பட்டைத் துண்டை வைத்து ஒட்டும் வேலை. இரண்டும் வெள்ளையாகக் காய்ந்ததும் வெளியே எடுத்து, ஆறுவதற்குள் அடித்தாக வேண்டும். முதல் அடிக்கு உருகிய இரும்பும் ஒட்டுக்காகத் தூவிய வெங்காரப் பொடியும் நாலு பக்கமும் தெறிக்கும். தெறித்தது. ஏப்ரன் தார் மாதிரி இளகி, புடவையோடு தொடையில் அப்பிக்கொண்டது. பிடித்து இழுத்தாள். சதையும் சேர்ந்து வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் ஜெயபுஷ்பம் திட்டினாள். "பிடுங்காம தண்ணிய ஊத்திக்கினே வந்திருக்கணும். ரெக்சினக் கட்டிக்கினு யாராச்சும் நெருப்பாண்ட நிப்பாங்களா?"

"தோலு சிஸ்டர் அது."

"தோலு உருகுமாம்மா?"

வெளியே வந்ததும் நர்ஸ் சொன்னதைச் சௌந்தரம் அருணகிரியிடம் சொன்னாள். "அந்த பாய் நம்பள ஏமாத்திட்டான் பாத்தியா" என்றான் அவன். படுத்திருந்த ஒன்றரை மாசமும் அவள் ரஷீத்தைச் சபித்தாள். அவனும் கூடச் சேர்ந்து சபித்தான்.

எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் ரஷீத் சாத்துக்குடிப் பையோடு வந்தார். அருணகிரி கரி வாங்கப் போயிருந்தான்.

"வா பாய். மிச்சத் தொடையையும் கொளுத்திட்டுப் போ."

"இன்னா அண்ணி சொல்றீங்க?"

சொன்னாள். ரஷீத் பையைக் கீழே வைத்தார். "ஒரு ஏப்ரனுக்குத்தான் தோலு கெடச்சுது அண்ணி. ரெண்டாவது ரெக்சின். சாணை புடிக்க, தண்ணி வேலைக்கு வெச்சுக்க, நெருப்பாண்ட போவாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அண்ணன் சொல்லலியா?"

அவர் போனபிறகும் அவள் சாத்துக்குடியைத் தொடவில்லை.

மறுநாள் அருணகிரி பட்டறைக்குக் கூப்பிட்டான். அவள் இல்லாமல் ஒட்டு வேலை எல்லாம் தேங்கிக் கிடந்தது. சாக்கைச் சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்றாள். அவன் கடப்பாரையை உலையிலிருந்து உருவிப் பட்டறைக்கல்லில் வைத்தான். வெள்ளையாகத் தகதகத்தது.

"அடி."

அவள் சம்மட்டியைத் தூக்கவில்லை. "ரெண்டுல எது தோலுன்னு பாய் உன்னாண்ட சொன்னாரா?"

"இப்ப இன்னாத்துக்கு அது? ஆறுது பாரு, அடிமே."

"சொன்னாரா?"

வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானது.

"சொன்னான்" என்றான். கடப்பாரையை மறுபடி உலையில் செருகி, துருத்தியைச் சுற்றிக்கொண்டே பேசினான். "நீ தள்ளி நிக்கிறவ. நெருப்பாண்ட நிக்கிறது நானு. இருந்தது ஒரு தோலு. இன்னா பண்ணச் சொல்ற?"

"என்னக் கேட்டிருக்கலாமே. நீயே கட்டிக்கோ மாமான்னு சொல்லியிருப்பேன். சாக்கோட நின்னிருப்பேன். சாக்கு கருகும், ஒட்டாது."

அவன் துருத்தியை இன்னும் வேகமாகச் சுற்றினான்.

"ஒன்றர மாசம் அந்த மனுஷனத் திட்டினேன். கூட உக்காந்து நீயும் திட்டின."

"நீ திட்டறப்ப நான் சும்மா இருந்தா சந்தேகப்படுவியேன்னுதான்..." என்றவன் பாதியில் நிறுத்தினான். இடுப்புக்குப் பின்னால் கையை விட்டு ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். "இந்தா, இத நீ கட்டிக்கோ."

"வேணாம்."

"கடப்பாரைக்காரன் சாயங்காலம் வந்து நிப்பான்மே."

அவள் சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். இடுப்புச் சாக்கை அவிழ்த்து உதறி அதன் மேல் போட்டாள். காலைச் சாய்த்துச் சாய்த்து வெளியே நடந்தாள்.

ரோட்டை எட்டும்போது பின்னால் கைச்சுத்தியல் சத்தம் கேட்டது. ஒற்றை ஆள் அடி. நாலாவது அடியில் வெடித்த பானையைத் தட்டினது போல ஒலித்தது. ஒட்டவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அடித்துக்கொண்டிருந்தான். ஆம்பூர் பஸ் வந்து நின்றது. இத்தனை நாள் சபித்ததற்கு ரஷீத் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்தபடி கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள்.